மூன்று முறை வாங்கிய புல்லாங்குழல்

அத்தியாயம் 14

போன வாரம் விட்ட இடம் மறந்திருந்தால் குற்றமில்லை, கண்ணுகளா. உங்களுக்கும் நூறு வேலை. நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஈரம் பூத்துவிட்டது. அந்தச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்பது அவருடைய பாட்டு அலமாரி. முப்பது வருடச் சேர்ப்பு, நானூற்றுச் சொச்சம் சிடி. எல்லாம் உயர்ந்த சரக்கு. வயலின், புல்லாங்குழல், நிதானமாக நின்று பாடும் பெரிய குரல்கள். மாடி வீட்டில் தடதடவென்று ஒரு பாட்டு கிளம்பினால், "ஆணி அடிக்கிறாங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்துவார். சொந்தத் தம்பி பிறந்தநாளுக்குக் கொடுத்த ஒரு ஆட்டப் பாட்டு சிடியை உறைகூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தவர்.

அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு அலமாரியைக் காலி செய்ய உட்கார்ந்தார்கள் மனைவியும் மகளும். அடித்தட்டில், மடித்து வைத்த பழைய போர்வைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் இன்னொரு வரிசை இருந்தது. அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

"அம்மா, இதப் பாரேன்!"

மகள் ஒன்றை உருவி நீட்டினாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையைச் சோதிக்கிறவள். திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை.

அட்டையில் புலித்தோல் கால்சட்டை போட்ட ஒரு ஆள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மைக்கைக் கடிக்கப் பார்த்தான். மேலே எழுதியிருந்தது: 'இடுப்பு ஒடிய இருபது'.

தாய் தையல்காரி. கையிலிருந்த ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திவிட்டு, அட்டையை வாங்கி, மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாரு, இந்த மனுஷனா? அவரே சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்!"

அடுத்தது, 'லாரி ஓட்டுநர்கள் தூங்காமலிருக்க'. அதற்கடுத்தது, 'நாற்பது நாளில் தொப்பை கரையும் தாளம்'. பிறகு 'அதிரடி ஜிம், பாகம் ஆறு'.

"ஆறா? அப்ப முன்னாடி அஞ்சும் எங்க?"

"இதோ இருக்கும்மா. வரிசையா அடுக்கி வச்சிருக்கார்."

"தொப்பை மட்டும் கரையவே இல்லையேடி."

இரண்டு பேரும் தரையில் சாய்ந்து சிரித்தார்கள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள்.

"பாட்டு கேக்கற அந்த ரெண்டு மூடியையும் காதுல மாட்டிக்கிட்டு, சாமியார் மாதிரி உக்காந்திருப்பாரே. நான் வயலின்னு நெனச்சு சத்தம் போடாம நடப்பேன். இங்க பாரு, இடுப்பு ஒடிஞ்சிட்டிருந்திருக்கு!"

"மெதுவா சிரிம்மா, பக்கத்து வீட்ல கேக்கப்போவுது."

"கேக்கட்டும். இனிமே ஆணி அடிக்கிறாங்கன்னு ஆரம்பிக்கட்டும், இந்தப் புலித்தோல நேரா மூஞ்சிக்கு நீட்டறேன்."

மகள் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சில் எழுத்து. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

இது அவருடைய பழக்கம். எந்தப் பாட்டைக் கேட்டாலும், கேட்டு முடித்ததும் தேதி போட்டுப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதுவார். பக்கத்தில் ஒரு வார்த்தை, அல்லது இரண்டு. பத்துக்குப் பத்து எவருக்கும் கொடுத்ததில்லை. வீட்டில் இதனாலேயே அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர்.

"புலித்தோல் எவ்வளவு வாங்கியிருக்கான், படி."

"மொத தடவை நாலு. 'தலைவலி'னு போட்டிருக்கார். அப்பறம் ஆறு. அப்பறம் எட்டு. இந்த வருஷம்…" மகள் நிறுத்தினாள். "ஒம்பது."

"ஒம்பதா! என் தங்கச்சி புருஷன் பாடினதுக்கு ஒண்ணரை போட்ட மனுஷன்!"

"'தெளிவு'னு எழுதியிருக்கார்மா. பக்கத்துல."

அந்த வார்த்தை அவளை லேசாகக் குத்தியது. பாட்டு நன்றாக இருக்கிறது என்றோ ஆட்டம் வருகிறது என்றோ எழுதியிருக்கலாம். தெளிவு என்று ஏன் எழுதவேண்டும்? அடுத்த அட்டையைத் திருப்பினாள். லாரி ஓட்டுநர், எட்டு, 'முழுசாகக் கேட்கிறது'. ஜிம் பாகம் மூன்று, ஒன்பது, 'தெளிவு'.

எழுந்து மேல்தட்டுக்குப் போனாள். அவர் உயிராய் வைத்திருக்கும் புல்லாங்குழல் சிடியை எடுத்தாள். அது ஒன்றாக இல்லை, மூன்றாக இருந்தது. ஒரே அட்டை, ஒரே படம், மூன்று பிரதிகள்.

முதல் பிரதியின் முதுகில் இருபது வருடத்துத் தேதிகள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. திடீரென்று ஒரு தேதியில் ஏழு. அடுத்து ஆறு, 'பதிவு மங்கல்'. பிறகு நாலு. கடைசியில் இரண்டு, 'வட்டு போச்சு'.

இரண்டாவது பிரதி: மூன்று. 'இதுவும் அப்படியே'.

மூன்றாவது பிரதி, போன மாதம் வாங்கியது: இரண்டு. 'கடைக்காரன் ஏமாற்றுகிறான்'.

"என்னடி, சிரிப்பு நின்னு போச்சு?"

மகள் வட்டு போச்சு என்று அவர் எழுதிய முதல் பிரதியைப் பிளேயரில் போட்டாள்.

புல்லாங்குழல் புறப்பட்டது. நடந்து, ஏறி, இன்னும் ஏறி, உச்சியில் ஒரு நூலாக இழைந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. ஒரு கரகரப்பு இல்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்தது.

மூன்றையும் போட்டுப் பார்த்தாள். மூன்றும் அப்படியே.

அவளுடைய கடைக்கு வாரத்துக்கு ஒருவராவது அப்படி வருவார். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடகடவென்று படிப்பார். கடைசி வரி வரை பிசகாது. அட்டையை மாற்றி மாட்டினால் முதல் வரியே வராது. பழைய அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருப்பார். கண் போய்விட்டது என்று ஒத்துக்கொள்ளும் வரை, எழுத்து சரியில்லை, விளக்கு சரியில்லை என்று மற்றதையெல்லாம் குறை சொல்வார்.

"அம்மா, வாசல் மணிய அப்பா ஏன் மாத்தினார்?"

"அந்தக் குருவிச் சத்தம் எரிச்சலா இருக்காம். இப்ப இருக்கிறது எருமை கத்தற மாதிரி இருக்கு, அதுதான் வேணுமாம்."

"எப்ப மாத்தினார்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஏன்?"

"நீ பேசறது அவருக்குக் கேக்குதா?"

"கேக்காம என்ன? நான் என்ன சொன்னாலும் தலைய ஆட்டறாரே. முன்ன மாதிரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்ல." தையல்காரியின் குரல் கீச்சென்ற மெல்லிய குரல். அவளும் மகளும் பேசினால் தொலைபேசியில் ஆள் மாறிப்போகும். "வயசாச்சு, நல்லவராயிட்டார்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூன்று புல்லாங்குழல்களைப் பார்த்தாள்.

"அய்யோ," என்றாள் மெதுவாக. "அவர் வேலையே காதாச்சேடி."

ஆமாம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

லிஃப்ட் ஓடும் கட்டடத்தின் உச்சியில் ஒரு சின்ன அறை இருக்கும். அதில் மோட்டார், அதன் பக்கத்தில் கம்பிவடம் ஓடும் பெரிய இரும்புச் சக்கரம். அந்தச் சக்கரத்தின் அச்சைத் தாங்குவது பேரிங். பேரிங் தேய ஆரம்பித்தால் முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மெல்லியதாக ஒரு கீச்சொலி மட்டும் வரும், எலிக்குஞ்சு அழுவது போல. அதை அப்போதே பிடித்துவிட்டால் பிழைத்தோம். விட்டுவிட்டால் அச்சு நாளுக்கு நாள் அரைபடும். அரைபட்ட அச்சு ஒடிந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லி நீங்கள் கேட்கவேண்டாம்.

நம் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை அந்த இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். கம்பெனியில் அவருக்கு 'டாக்டர்' என்றே பெயர். அவர் கேட்டுவிட்டு 'சத்தம் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபேச்சு கிடையாது.

இன்று அவர் போயிருப்பது நாலு தெரு தள்ளியுள்ள பிரசவ ஆஸ்பத்திரிக்கு. கூடப் போனது அவருடைய தம்பி. அண்ணன் உச்சி அறையில் நின்று கேட்கும்போது, தம்பி லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று மேலும் கீழும் போய்ப் பார்ப்பார். இருபது வருடமாக இப்படித்தான்.

மகள் அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. சித்தப்பாவுக்குப் போட்டாள்.

"சொல்லு, கண்ணாடி! என்ன, லீவு நாள்ல சித்தப்பா ஞாபகம்?"

"எங்க இருக்கீங்க சித்தப்பா?"

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல, சொர்க்கத்துக்குக் கொஞ்சம் கீழ. கூண்டு மேல நிக்கிறேன்."

"அங்க… அங்க ஏதாவது கீச்சுனு கேக்குதா?"



"உனக்கு எப்படித் தெரியும்? காலைலேர்ந்து கேக்குது. அண்ணன்கிட்ட சொன்னேன். ரெண்டு தடவை வச்சுக் கேட்டார். 'ஒண்ணுமில்ல, உன் காதுல அழுக்கு'ன்னுட்டார்."

"சித்தப்பா, கீழ இறங்குங்க."

"வேலை பாதியில இருக்கும்மா. இன்னும் நாலு தடவை ஓட்டிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவார். ஆஸ்பத்திரிக்காரங்க வேற அவசரப்படுத்தறாங்க."

"உங்களுக்குக் கேக்குதுல்ல? அப்ப இறங்குங்க!"

"அவருக்குக் கேக்கலையே! அவருக்குக் கேக்காதது எனக்கு எப்படிம்மா கேக்கும்? எனக்குத்தான் ஏதோ பிரமை." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "இரு, அண்ணன் ஓட்டறார், அப்பறம் பேசறேன்."

இணைப்பு அறுந்தது.

"ஓடு," என்றாள் தாய். "நான் விடாம போன் போட்டுக்கிட்டே இருக்கேன். நீ ஓடு."

மகள் கையில் எடுத்தது முதல் புல்லாங்குழல் அட்டையைத்தான். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெறும் வார்த்தையை அப்பா நம்பமாட்டார் என்று தோன்றியிருக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் சக்கரக்கட்டில். அதில் நிறைமாதக்காரி ஒருத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"பத்து நிமிஷம் பொறுத்துக்கம்மா. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் விட்டுடுவாங்க. லிஃப்ட் டாக்டரச் சொல்றேன்."

மகள் படிக்கட்டில் ஏறினாள். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. மூச்சு வாங்கியது. நான்காம் மாடியில் குழந்தைகளின் அழுகைக்கு மேலே ஏதோ ஒன்று கேட்டது போலிருந்தது. ஐந்தாம் மாடியில் சந்தேகமே இல்லை. மேலேயிருந்து, மெல்லியதாக, விட்டு விட்டு, இரும்பு அழுதது.

உச்சி அறையின் கதவு திறந்திருந்தது.

மோட்டார் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீச்சொலி அந்தச் சின்ன அறையில் பல்லைக் கூசவைத்தது. அவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. அப்பா முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடி காதோரம் அழுந்தியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நல்ல பாட்டைக் கேட்கிறவர் முகம் அது.

"அப்பா."

திரும்பவில்லை.

"அப்பா!"

திரும்பவில்லை. தரையில் அவருடைய போன் வெளிச்சம் காட்டிக் காட்டிச் சிணுங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது அம்மா.

அவள் போய்த் தோளைத் தொட்டாள். அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"நீ எங்க இங்க? யாருக்காவது ஏதாவது…"

"நிறுத்துங்கப்பா. மோட்டார நிறுத்துங்க."

அவர் அவளுடைய வாயையே பார்த்தார். அவள் அட்டையை நீட்டினாள். அவர் முதலில் அதன் முன்பக்கத்தைப் பார்த்தார், பிறகு அவளை.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தே? இது போன வட்டு."

"போகலப்பா. நல்லா இருக்கு."

"கடைக்காரன்…"

"மூணும் நல்லா இருக்கு."

அவருடைய முகம் மெதுவாக மாறியது. கோபம் வரும் என்று அவள் நினைத்தாள். வரவில்லை. அவர் சக்கரத்தைப் பார்த்தார், தன் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைப் பார்த்தார்.

"இப்ப," என்றார், "இங்க ஏதாவது கேக்குதா உனக்கு?"

"கேக்குதுப்பா."

"எவ்வளவு?"

"அஞ்சாவது மாடியிலேர்ந்தே."

அவர் ஒரு எட்டில் சுவருக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகி நின்றது. அந்தக் கீச்சொலியும் நின்றது. அவள் மட்டுமே கேட்ட அமைதி அது.

கீழே கம்பிவடத் துவாரத்தின் வழியாகச் சித்தப்பாவின் குரல் வந்தது. "என்னண்ணே, டீ வேளையா?"

 மகள்தான் குனிந்து கத்தினாள். "சித்தப்பா! ஆறாவது மாடிக் கதவத் திறந்து வெளிய வாங்க! இனிமே கூண்டு மேல நிக்காதீங்க!"

ஐந்து நிமிடத்தில் தம்பி கிரீஸ் படிந்த கையோடு உள்ளே வந்தார். மகள் கீச்சொலி வந்த பேரிங் மூடியைக் காட்டினாள். அவர் டார்ச்சை அடித்தார், விரலை விட்டு எடுத்தார். விரலில் வெள்ளித்தூள் மாதிரி இரும்புப் பொடி.

தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதை நம்பித் தொங்கிய கூண்டின்மேல்தான் காலையிலிருந்து மூன்று மணி நேரம் நின்றிருந்தார். அவர் வாயிலிருந்து அன்று முதல் முறையாக ஜோக் வரவில்லை.

"அண்ணே," என்றார் கடைசியில். "எவ்வளவு நாளா?"

"தெரியாது." அண்ணன் சுவரில் சாய்ந்தபடி பேசினார். "தெரியாதுன்னும் சொல்ல முடியாது. வயலின் எல்லாம் ஓட்டை விழுந்த மாதிரி ஆயிடுச்சு. பாடறாங்க, நடுவுல காணாமப் போறாங்க. சிடி சரியில்லன்னு நெனச்சேன். பிளேயர மாத்தினேன். அப்பறம் நீ குடுத்தியே, அந்த ஆட்டப் பாட்டு, அதே பாட்ட டீக்கடையில போட்டாங்க. முழுசா கேட்டுச்சுடா. ஒரு இடத்துலகூட ஓட்டை இல்ல. அசிங்கமா இருந்துச்சு, ஆனா முழுசா இருந்துச்சு. அன்னைக்கே போய் வாங்கிட்டேன்."

"அதை ஏன்ப்பா எங்ககிட்ட மறைச்சீங்க?" என்றாள் மகள்.

"சிரிப்பீங்கன்னுதான். அந்தப் பாட்டத்தான் மறைக்கிறேன்னு நெனச்சேன்மா. அதுக்குப் பின்னாடி இதுவும் மறைஞ்சிருக்குன்னு…" முடிக்கவில்லை.

தம்பி எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"சரி. யாருக்கும் தெரியவேண்டாம். இந்த பேரிங்க இன்னைக்கே மாத்திடலாம். மத்த கட்டடத்துக்கெல்லாம் நான் ஒவ்வொண்ணா போய் மறுபடி கேட்டுட்டு வரேன். உன் பேர் கெடவேணாம்."

அண்ணன் அவர் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார். முழுவதும் பிடிபடவில்லை. மகளைப் பார்த்தார். அவள் அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கேள்வியையும் சேர்த்தாள்.

"மத்த கட்டடம்னா எத்தனைப்பா?"

அவர் பையிலிருந்து பேரிங் சோதனைப் பதிவேட்டை எடுத்தார். நீல அட்டை, மூன்று வருடத்துப் பக்கங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டடம், ஒரு தேதி, 'சத்தம் இல்லை', அவருடைய கையெழுத்து.

"எந்தத் தேதிலேர்ந்து எண்ணறது?" என்றார் தம்பி. "எப்பலேர்ந்து கேக்கலைன்னுதான் உனக்கே தெரியாதே."

மகள் புல்லாங்குழல் அட்டையைத் திருப்பிப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. அப்புறம் ஏழு. அந்த ஏழுக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

அப்பா பேனாவை எடுத்துப் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே மகள் எண்ணினாள். முப்பத்தெட்டு கட்டடம்.

"சித்தப்பா, ஒரு நாளைக்கு எத்தனை பார்ப்பீங்க?"

"ரெண்டு. விழுந்து விழுந்து பார்த்தா மூணு."

"அதுவரைக்கும் மிச்சத்துல ஏறறவங்க?"

தம்பி கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"வேலை போயிடும்ணே," என்றார். "உனக்கு மட்டுமில்ல, எனக்கும். நானும் கூடவே நின்னு தலைய ஆட்டியிருக்கேன்."

அப்பா குனிந்து தரையிலிருந்த போனை எடுத்தார். கம்பெனி எண்ணை அழுத்த விரல் போனது. அழுத்துவதற்குள் அது அவர் உள்ளங்கையில் அதிர்ந்தது. திரையில் கம்பெனியின் பெயர்.

வழக்கமாக இந்த நேரத்தில் அவர்கள் கூப்பிடுவதில்லை.

அவர் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. கம்பெனியில் பேசுகிற பெண்ணின் குரல் மெல்லிய குரல். போன மாதமெல்லாம் அந்தக் குரலுக்குச் சரி சரி என்று சொல்லியே சமாளித்திருக்கிறார். கையை இறக்கி, போனை மகளிடம் நீட்டினார்.

"நீ கேட்டுச் சொல்லு," என்றார்.

அறுபதை நெருங்கும் வாழ்க்கையில் அவர் இன்னொருவரிடம் அதைச் சொன்னது அன்றுதான்.

மகள் வாங்கிக் காதில் வைத்தாள். "அப்பா பக்கத்துல இருக்கார். சொல்லுங்க." கேட்டாள். "எந்தக் கட்டடம்?" மறுபடி கேட்டாள். "எத்தனை பேர் உள்ள இருக்காங்க?"

அவர் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதடு அசையவில்லை. சுட்டுவிரல் மட்டும் பதிவேட்டில் கோட்டுக்குக் கீழே, வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது.

பதினேழாவது வரியில் நின்றது.